குழந்தைகளோடு ஒரு நாள் பிரயாணம்



அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தின் 2-ம் அதிகாரத்தில் ஒரு குடும்பப் பிரயாணம் சொல்லப்பட்டிருக்கிறது. தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் ஆண்டுதோறும் பாஸ்காத் திருநாளுக்கு நாசரேத்தூரிலிருந்து ஜெருசலேமுக்குப் போவார்கள். சேசு பாலகனுக்கு 12 வயதானபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான வழி. நடந்து போக மூன்று நான்கு நாளாவது பிடிக்கும். உற்றாரும் ஊராரும் ஒரே கூட்டமாய்ச் சேர்ந்து போவார்கள். ஜெருசலேமுக்கு ஏறிப்போகும் யாத்திரிகர் வழிநெடுகப் பாடியவையென்று கருதப்படும் 15 பாடல்கள் சங்கீத ஆகமத்தில் இன்றும் இருக்கின்றன. அது தச்சர் வீட்டுக் குடும்பம். கையில் காசு மிஞ்சுகிற குடும்பமல்ல. ஆயினும் அந்தப் பிரயாணத்தை அவர்கள் விட்டுவிடவில்லை.

திரும்பி வரும்போது நடந்ததை நீங்கள் அறிவீர்கள். பிள்ளை கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். பிறகு உறவினரிடத்தில் தேடினார்கள், காணவில்லை. மூன்றாம் நாள் தேவாலயத்தில் கண்டார்கள். அந்த மாசற்ற தாயும் நீதிமானாகிய தந்தையும் அசட்டையாய் இருந்தார்கள் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். ஆண்கள் ஒரு கூட்டமாகவும் பெண்கள் ஒரு கூட்டமாகவும் நடந்திருப்பார்கள். தந்தையிடம் இருப்பான் என்று தாயும், தாயிடம் இருப்பான் என்று தந்தையும் எண்ணியிருப்பார்கள் என்று பெரியோர் விளக்கம் சொல்வதுண்டு. காணோம் என்று அறிந்தவுடனே அவர்கள் வந்த வழியே திரும்பித் தேடினார்கள். நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.

இனி நம்முடைய வீடுகளைப் பார்ப்போம். பிள்ளை நம் வீட்டில்தான் இருக்கிறான். நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். "அம்மாவிடம் பேசியிருப்பான்" என்று அப்பா நினைக்கிறார். "அப்பா கவனித்துக்கொள்வார்" என்று அம்மா நினைக்கிறாள். அவன் கையில் ஒரு செல்போன், அவர்கள் கையில் ஆளுக்கொரு செல்போன். மூவரும் ஒரே திண்ணையில் இருந்தும் ஒருவரை ஒருவர் காணாமல் ஒரு நாள் வழி மட்டுமல்ல, ஒரு வருஷத்து வழியே நடந்துவிடுகிறோம். காணாமற்போனதென்று தெரிந்தால்தானே தேடுவோம்? தெரியாமல் தொலைப்பதுதான் பெரிய நஷ்டம்.

ஆகையால் இன்று உங்களிடம் ஒரு சிறிய காரியத்தைக் கேட்க வந்திருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை கண்டபின், உங்கள் சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். கலியாண வீட்டுக்கல்ல, கடைவீதிக்கல்ல. பிள்ளையும் நீங்களும் சேர்ந்து சந்தோஷப்படக்கூடிய ஓர் இடத்துக்குப் போங்கள்.

"இதெல்லாம் ஞானகாரியமா?" என்று சிலர் கேட்பீர்கள். ஞானகாரியமே. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1247-ஆம் விதி, ஞாயிறன்று பூசை காணவேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அந்த நாளுக்குரிய மகிழ்ச்சியையும் உடல், மன இளைப்பாற்றியையும் கெடுக்கும் வேலைகளை விலக்கவேண்டும் என்றும் சொல்கிறது. 1998-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஆண்டவருடைய நாளைப்பற்றி எழுதிய நிருபமும் ஞாயிற்றின் ஓய்வை இப்படியே போற்றுகிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்கிற தகப்பன் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கவில்லை, அதை அனுசரிக்கிறான்.

"சிறு பிள்ளைதானே, எங்கே கூட்டிப்போனாலும் நினைவில் நிற்கப்போகிறதா?" என்பது மற்றொரு கேள்வி. ஊரின் பெயர் நினைவிராது, உண்மை. ஆனால் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து உலகத்தை உயரத்திலிருந்து பார்த்த சந்தோஷம் அந்தப் பிள்ளைக்குள் தங்கிவிடும். நான் இவர்களுக்கு வேண்டியவன் என்ற நம்பிக்கை அதில்தான் வேரூன்றும். பரமபிதா தன்னை நேசிக்கிறார் என்று பிற்காலத்தில் ஞானோபதேச வகுப்பில் கேட்கும்போது, பிதா என்ற சொல்லுக்கு அந்தப் பிள்ளை தன் மனதில் எந்த முகத்தை வைக்கும் என்று யோசியுங்கள்.

மேலும் கணக்கும் சற்றுப் பாருங்கள். பிள்ளைக்கு 2 வயது முதல் 10 வயது வரை உள்ள காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் நானூறு சொச்சந்தான். அதன்பின் சிநேகிதரும் பரீட்சையும் பிள்ளையை இழுத்துக்கொள்ளும். "வா, போகலாம்" என்று நீங்கள் அழைத்தால், "நீங்கள் போய் வாருங்கள்" என்பான். உங்கள் வீட்டில் அந்த நானூறில் எத்தனை போய்விட்டன?

எங்கே போவது? திருச்சிராப்பள்ளியைச் சுற்றி வாழும் நமக்கு ஆண்டவர் குறை வைக்கவில்லை. காவேரியில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கல்லணைக்குப் போங்கள். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் கரிகாற் சோழன் கட்டியதென்று சொல்லப்படும் அணை. இன்றைக்கும் வயலுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுக்கிறது. "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது, அப்பா?" என்று பிள்ளை கேட்பான். "தஞ்சாவூர்ப் பக்கம் போய் நெல்லாகி, உன் தட்டுக்குச் சோறாக வருகிறது" என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் செய்யும் ஜெபத்துக்கு அன்றுமுதல் அவனுக்கு அர்த்தம் விளங்கும். அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போனால், வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பூண்டி மாதா கோவில். 1999-ல் அது பசிலிக்கா ஆலயமாக உயர்த்தப்பட்டது.

மேற்கே போனால் முக்கொம்பு. 1830-களில் ஆர்தர் காட்டன் துரை அணை கட்டிய இடம். மரநிழலும் பூங்காவும் உண்டு. இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு, ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. ஒன்றுமில்லாவிட்டாலும் ரயிலேறித் தஞ்சாவூர் வரை போய் வாருங்கள். ஐம்பது கிலோமீட்டர்தான், ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைக்கு அதுவே திருவிழா.

காசுக்கு என்ன செய்வது என்கிறீர்களா? ரயிலில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் கட்டணமில்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021-ல் அரசு பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது; 2022-ல் அரசுப் பேருந்துகளில் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் நீக்கியது. வீட்டிலிருந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஓட்டல் வேண்டாம். இலையை விரித்து மரத்தடியில் உட்கார்ந்தால் அதுவே விருந்து.

இனி சில புத்திமதிகள்.

முதலாவது, ஒரு நாளைக்கு ஒரே இடம் போதும். ஐந்து இடம் பார்க்க ஓடினால் பெரியவர்களுக்குக் கோபம், பிள்ளைகளுக்கு அழுகை. மத்தியானம் தூங்கும் குழந்தையைத் தூங்கவிடுங்கள். பொழுது சாயுமுன் வீடு திரும்புங்கள்.

இரண்டாவது, பிள்ளையின் நடைக்கு நீங்கள் நடங்கள். நீங்கள் அணையைக் காட்டும்போது அவன் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனை இழுக்கவேண்டாம், நீங்களும் பக்கத்தில் குந்திப் பாருங்கள். நம் ஆண்டவர் ஜனங்களுக்குப் போதித்தபோது ஆகாயத்துப் பறவைகளையும், வயல்வெளிப் பூக்களையும், கடுகு விதையையும், குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழியையும் எடுத்துச் சொன்னார். நாசரேத்தூர் வயலோரத்தில் பாலகனாய் நின்று அவற்றையெல்லாம் பார்த்தவர்தானே அவர்?

மூன்றாவது, செல்போனைப் பைக்குள் வையுங்கள். ஒரு படம் எடுத்தால் போதும். சாப்பாட்டு வேளையிலும் ஒவ்வொருவரும் செல்போனில் மூழ்கி ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப்போவதைப்பற்றி மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ல் குடும்ப அன்பைக் குறித்து எழுதிய நிருபத்தில் எச்சரித்திருக்கிறார்.

நான்காவது, தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. விடியுமுன் எழுந்து சோறு கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மூட்டை சுமந்து, திரும்பி வந்து பாத்திரம் துலக்குவது வரை எல்லாம் உங்கள் மனைவி தலையில் விழுந்தால், அது அவளுக்கு இன்னொரு வேலைநாளே. மூட்டையை நீங்கள் சுமங்கள். இடுப்புக் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் பாதியை நீங்கள் துலக்குங்கள். தாய் சிரித்த நாளே பிள்ளைகளுக்கு நல்ல நாள்.

ஐந்தாவது, இதை மிகவும் உறுதியாய்ச் சொல்கிறோம்: ஆற்றில் இறங்கவேண்டாம். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து யாத்திரையாய் வந்தவர்களில் ஆறு பேர் பூண்டிக்கருகே கொள்ளிடத்தில் மூழ்கி மாண்டார்கள். மேலே அமைதியாய்த் தோன்றும் நீருக்கடியில் பள்ளமும் சுழலும் இருக்கும். கரையில் நின்று பாருங்கள். பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவர் யார் என்று முன்னமே பேசி முடிவுசெய்யுங்கள். கூட்டத்தில் இருப்பான் என்று மட்டும் எண்ணாதேயுங்கள்.

கடைசியாக, உங்கள் தெருவில் தகப்பனில்லாத பிள்ளையோ, ஞாயிறன்றும் கூலிக்குப் போகும் தாயின் பிள்ளையோ இருந்தால், அந்தத் தாயிடம் கேட்டு அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொள்ளுங்கள். கட்டுச்சோற்றில் இன்னொரு பிடி போதும். அந்தச் சிறுபிள்ளைக்குச் செய்தது ஆண்டவருக்கே செய்ததாகும்.

பிரியமானவர்களே, தேவாலயத்தில் காணப்பட்டபின் சேசு பாலகன் தாய் தந்தையரோடு நாசரேத்தூருக்குத் திரும்பி, அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று சுவிசேஷம் சொல்கிறது. மறுபடியும் அத்தனை நாள் நடை. அந்த வழியில் என்ன பேசினார்கள் என்று எழுதப்படவில்லை. ஆனால் அந்தத் தாயும் தந்தையும் இம்முறை பிள்ளையைத் தங்களுக்கு நடுவில் நடத்திக்கொண்டு போயிருப்பார்கள் என்று நாம் எண்ணலாமல்லவா?

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை இன்றைக்கே குறித்து வையுங்கள். அன்றிரவு செபமாலை முடிந்ததும், அந்த நாளில் எது பிடித்தது என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு, அதற்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லவையுங்கள். சேசு, மரி, சூசை என்னும் திருக்குடும்பம் உங்கள் பிரயாணங்களிலும் உங்கள் இல்லங்களிலும் துணையாயிருப்பதாக. ஆமென்.