ஞாபகமும் அத்தாட்சியும்

நாடு விட்டு நாடு வந்த ஓவியனின் கான்வாஸில் அவனுடைய ஊரைத் தேட நமக்கு உரிமை உண்டா?

ஃபிராங்க் பௌலிங்கை நினைத்துத்தான் கேட்கிறேன். 1934ல் பிரிட்டிஷ் கயானாவின் பார்ட்டிகாவில் பிறந்தவர். 1953ல் லண்டன், 1966ல் நியூயார்க். அறுபதுகளில் அவருடைய படங்கள் சிலவற்றில் ஒரே வீடு திரும்பத் திரும்ப வருகிறது: நியூ ஆம்ஸ்டர்டாமில் தாயார் கடை நடத்திய வீடு, புகைப்படத்திலிருந்து ஸில்க் ஸ்க்ரீன் முறையில் பதித்தது. பிறகு தென் அமெரிக்காவின் வரைபடம் வருகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதுவும் மறைந்துவிடுகிறது. 1973 முதல், சாய்க்கக்கூடிய மேடையில் கான்வாஸை வைத்து, மேலிருந்து அக்ரிலிக்கை ஊற்றுகிறார். வண்ணம் தன் கனத்தில் வழிந்து, தன் இஷ்டத்துக்கு உறைகிறது. எண்பதுகளில் ஜெல்லும் நுரைப்பட்டைகளும் சில்லறைப் பொருள்களும் சேர்ந்து தளமே மேடு பள்ளமாகிறது.

வீடு எங்கே போயிற்று? மறந்துவிட்டார் என்பார் ஒருவர். அடியில் புதைந்திருக்கிறது என்பார் இன்னொருவர். இரண்டாமவர்தான் அபாயமானவர். ஒவ்வொரு மஞ்சளிலும் கயானா வெயிலைக் கண்டெடுத்துவிடுவார். உருக்கமாக எழுதவும் செய்வார். வங்கியில் நான் தினமும் செய்கிற வேலை இது. காசோலையில் இருக்கும் கையெழுத்தை, பல வருஷங்களுக்கு முன் வாங்கிவைத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது. (நடுங்கும் கையோடு ஒரு கிழவர் நாலு தரம் போட்டுப் பார்ப்பதை கவுன்ட்டருக்கு இந்தப் புறமிருந்து பார்ப்பது சுகமான காரியமில்லை.) பணத்துக்கு அது வேண்டும். படத்துக்கு எதற்கு? லண்டன்காரர் வண்ணத்தை வண்ணமாகவே யோசிக்கலாம், கயானாக்காரர் மட்டும் பிறந்த ஊரை ஒவ்வொரு தரமும் எடுத்துக் காட்டவேண்டும் என்பதை ரசனை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. குடியேற்ற அதிகாரி கேட்பதும் அதைத்தானே. கறுப்பு ஓவியன் இன்னமாதிரிதான் வரையவேண்டும் என்ற எதிர்பார்ப்போடு பௌலிங்கே, 1969லிருந்து 'ஆர்ட்ஸ் மேகஸின்' கட்டுரைகளில், மல்லுக்கு நின்றிருக்கிறார்.

ஆனால் படத்தில் வண்ணத்தைத் தவிர ஒன்றுமில்லை என்கிற தூய்மைவாதமும் எனக்கு ஒப்பவில்லை. 1989ல் மகனோடு கயானா போனபோது, அங்கே நிலத்தின்மேல் இருந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு தம் படங்களின் ஒளியே வேறுவிதமாகப் புரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். படம் முந்தி, ஞாபகம் பிந்தி. வைக்கவேண்டும் என்று அவர் வைத்த சரக்கல்ல அது. கனமாகப் பூசிய அக்ரிலிக் ஜெல்லில் மேல்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். உள்ளே ஈரம் வாரக்கணக்கில் இருக்கும். அந்த ஈரத்தை முதலில் அடையாளம் காணும் உரிமை அவருடையது. நாம் காத்திருக்கலாம்.

காத்திருப்பது லேசில்லை. இந்தப் படங்களை நான் அச்சிலும் திரையிலும்தான் பார்த்திருக்கிறேன். அவற்றில் மேடு பள்ளமெல்லாம் வழவழப்பாகி, அந்த இடத்தில் வாழ்க்கைக் குறிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்ட்டிகா எஸ்ஸெக்கிபோ நதிக்கரை ஊர் என்று தெரிந்துகொண்டேன். இனி, 1988-89ல் அவர் வரைந்து 'கிரேட் தேம்ஸ்' என்று பெயரிட்ட படங்களை எந்த நதியாகப் பார்ப்பேன்?