பரிவும் ஒத்ததிர்வும்

ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு இசைக்கவைகளைத் தனித்தனி மரப்பெட்டிகளின் மேல் நிறுத்தி, ஒன்றை மட்டும் தட்டிச் சிறிது நேரம் ஒலிக்கவிட்டுப் பின் கையால் பற்றி அடக்கினால், யாரும் தொடாத மற்றொன்று மெல்ல ஒலித்துக்கொண்டிருப்பது கேட்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நம்மிற் பலரும் கண்டு வியந்த காட்சி இது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை ஒத்ததிர்வு என்னும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களோ பரிவு என்றே பெயரிட்டன. முன்னது நிகழ்ச்சியை அளந்து சொல்லும் பெயர். பின்னது நெஞ்சைத் தொடும் பெயர். எனினும் அந்தப் பெயர் என்னை நெடுநாள் உறுத்தியதுண்டு. ஏனெனில், இரண்டாம் கவையின் கிளையில் ஒரு பொட்டு மெழுகை ஒட்டிவிட்டால் அதன் அதிர்வெண் சற்றே குறையும். அத்துடன் அது ஊமையாகிவிடும். தன்னை ஒத்ததற்கு மட்டுமே அசைவதைப் பரிவு என்று சொல்லலாமா?

இவ்வினா எனக்கு நூலில் பிறந்ததன்று. தில்லியில் ஒரு குளிர்காலக் காலை, உறவினர் ஒருவரைப் பார்க்கப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். தாழ்வாரத்து இரைச்சலினூடே, “ஏங்க, சீட்டை எங்கே வெச்சீங்க?” என்று ஒரு பெண்குரல் எழுந்தது. என் கால்கள் தாமாகவே திரும்பின. விழுப்புரம் பக்கத்திலிருந்து இதய நோயுற்ற மகனுடன் வந்த இளந்தம்பதியர். மூன்று நாள் அவர்களுடன் சாளரம் சாளரமாக அலைந்து, படிவம் நிரப்பி, மருத்துவர் சொல்லைத் தமிழாக்கித் தந்தேன். செய்ததில் மகிழ்ச்சியும் ஒரு பெருமையும் இருந்தன என்பதை மறைப்பானேன்?

மூன்றாம் நாள்தான், அவர்களை அடுத்துக் கம்பளி போர்த்து அமர்ந்திருந்த தர்பங்கா முதியவரைக் கண்டேன். அவர் கையிலும் அதே நிறச் சீட்டு. அவருக்கு எழுத்தறிவில்லை, துணைக்கும் ஆளில்லை. மூன்று நாளும் அவரைத் தாண்டித்தான் நான் நடந்திருந்தேன். முப்பது ஆண்டுகள் இந்தி பேசிப் பிழைத்த நாக்கு என்னுடையது. மொழி தடையாயிற்று என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

எல்லாக் குரலுக்கும் அதிர்வது ஆகக்கூடியதா என்று கேட்கலாம். வானொலிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். 1970களில் வெளிமாநிலத் தமிழ் வீடுகளில் இராச்சாப்பாட்டுக்குப் பின், சிற்றலை வரிசையில் திருகைத் திருப்பித் திருப்பி ஒரு தமிழ்க் குரலைத் தேடிய தந்தையரை நம்மிற் சிலர் மறந்திரோம். ஏரியல் கம்பியில் எண்ணற்ற நிலையங்களின் அலைகள் ஒரே நேரத்தில் வந்து மோதும். கம்பிச்சுருளும் மின்தேக்கியும் இணைந்த சுற்று அவற்றுள் தன் அதிர்வெண்ணுக்கு ஒத்ததை மட்டும் ஏற்று, ஏனையவற்றை ஒதுக்கும். அவ்வாறு ஒதுக்காத பெட்டியில் இரைச்சலே மிஞ்சும். உலகத் துயர் அனைத்தையும் ஒருங்கே கேட்பவன் ஒன்றுக்கும் எழுந்து ஓடமாட்டான்; தன் மொழிக் குரலுக்கு ஓடியவனாவது ஒருவருக்கு உதவினான். இவ்வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். நம் சங்கங்கள் தோன்றியதே இந்த இயல்பால்தானே! ஆனால் வானொலியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பும் கை பெட்டிக்கு உரியதன்று.

அன்று அந்தத் தாழ்வாரத்தில் வங்காளியரை வங்காளியர் தேடினர். மலையாளிகளை மலையாளிகள் சூழ்ந்தனர். முதியவரை ஒதுக்க வேண்டும் என்று நினைத்தவர் எவருமிலர். லண்டனில் தேம்ஸ் ஆற்றின்மேல் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்ட மில்லேனியம் நடைபாலம் எனக்கு நினைவுக்கு வருகிறது. திறந்த அன்றே அது பக்கவாட்டில் ஆடியது. அதில் சென்றவர்கள் அணிவகுத்து நடந்த படைவீரர் அல்லர். பாலம் சற்றே அசைந்தபோது, விழாதிருக்கும் பொருட்டு ஒவ்வொருவரும் அசைவுக்கேற்பக் காலை அகற்றி வைத்தனர். அந்த அடிகளே அசைவைப் பெருக்கின. பின்னர் ஆட்களை நடக்கவிட்டு ஆய்ந்தபோது, ஒரு பகுதியில் ஏறத்தாழ 160 பேர் வரை பாலம் அமைதியாகவே நின்றது. மேலும் சிலர் ஏறியதும் ஆட்டம் விரைந்து வளர்ந்தது. யாரைக் குற்றம் சொல்வது? நூற்று அறுபதாவது ஆளையா? இரண்டு நாளில் பாலத்தை மூடிய பொறியாளர்கள் மக்களைத் திருத்த முயலவில்லை. பாலத்தில் தணிப்பான்களைப் பொருத்தி, 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தனர்.

நம் முன்னோர் இதனை வேறு சொற்களில் எண்ணியிருக்கின்றனர். தொடர்புடையார் மேற்செல்வது அன்பு; தொடர்பு நோக்காது எல்லா உயிர் மேலும் செல்வது அருள் எனப் பிரிப்பார் பரிமேலழகர். வள்ளுவரோ அருளை அன்பின் மகவாகவே காட்டுகிறார். அன்பை இகழ்ந்து அருளுக்குச் செல்ல வழியில்லை என்பதே இதன் பொருள் என்று நான் கொள்கிறேன். இசைக்கவையிடத்தும் இதற்கொரு சான்று உண்டு. அதிரும் கவையின் காம்பை மேசைப் பலகையில் ஊன்றுங்கள். பலகையின் இயல்பான அதிர்வெண் வேறு. ஆயினும் கவையின் சுரத்திலேயே அது உரக்க ஒலிக்கும். இதனைத் திணிப்பதிர்வு என்பர். இங்கே ஒப்புமை வேண்டியதில்லை, தொடுகை வேண்டும்.

முதியவர் எழுந்து வந்து தம் சீட்டை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தியபோதுதான் நான் நின்றேன். அன்று மாலை வரை அவருடன் இருந்தேன். அப்போது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: விழுப்புரத்துப் பெண் முதல் நாளிலிருந்தே, தேநீர் வாங்கும்போதெல்லாம் அவருக்கும் ஒரு குவளை வாங்கி வைத்திருக்கிறாள். அவளுக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது.