குடியுரிமையும் மண்ணுரிமையும்
செயின்ட் கிட்ஸ் நெவிஸ் என்னும் கரீபியத் தீவு நாடு 1984 முதல் முதலீடு செய்வோர்க்குக் குடியுரிமை வழங்கி வருகிறது. அதனைத் தன் இச்சையால் பெறுபவன் பாரதப் பிரஜையாக நீடிக்க இயலாது என்கிறது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். ஆயின் சட்டம் அறுக்கும் பந்தத்தை ஆன்மாவும் அறுத்துவிடுமா? ஒரு மண்ணுக்கு உரியவனாதல் பொருளால் வாராது, தொண்டாலும் பக்தியாலுமே வரும் என்பது என் திடமான நம்பிக்கை. 1895-இல் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய பிரிட்டிஷ் பொறியாளர் பென்னிகுயிக்கை, அவர் எந்நாட்டுப் பிரஜை என்று வினவாமல், கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் இன்றும் பொங்கலிட்டுப் போற்றுகின்றனர். அவ்வாறே, 1854 முதல் பிரெஞ்சுக் கரீபியத் தீவான குவாதலூப்பின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட தமிழர், தேனியை அடுத்த வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் நாம் தொழும் மாரியம்மனை அக்கரீபியத் தீவிலும் பிரதிஷ்டை செய்து வணங்கினர். அவர்தம் சந்ததியார்க்கோ, அவர்களுள் ஒருவரான ஹென்றி சிதம்பரம் 1904 முதல் இடையறாது போராடியதன் பயனாய், 1923-இல்தான் பிரெஞ்சுக் குடியுரிமை கிட்டியது.