பின்வரிசையில் அமர்ந்து கண்டது

பள்ளிக்கூடத்தைச் சீர்படுத்துவது தலைமையாசிரியர் ஒருவரின் பொறுப்பு என்று எண்ணியிருந்த காலம் போய்விட்டது. சிங்கப்பூரில் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு 2001ஆம் ஆண்டு மூன்று வழிகள் வகுக்கப்பட்டன. நிர்வாகத்துக்குப் போகாமல் வகுப்பறையிலிருந்தே உயர விரும்புவோர்க்கு உரியது அவற்றுள் ஒன்று. சீனியர் டீச்சர், மாஸ்டர் டீச்சர் முதலியோர் அவ்வழியில் வந்தவர்கள். இத்தகையோர் பள்ளி முன்னேற்றக் குழுக்களில் அமர்கிறார்கள். சக ஆசிரியர்களின் வகுப்புகளுக்குச் சென்று பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் இதனுள் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. சக ஆசிரியரின் வகுப்பில் குறை ஒன்றைக் கண்டால் அதை யாரிடம் சொல்வது?

ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலுள்ளவற்றைத் தனியாகவும் கீழுள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி ‘ஐந்தில் இரண்டு’ என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அது அரையைவிடக் குறைந்து போகுமா? எந்தப் பிள்ளையும் இதைக் கேட்கவில்லை. ஆசிரியரும் கேட்கத் தூண்டவில்லை. குழுவின் மேசைக்கு வருவது மதிப்பெண் பட்டியல். எந்த வகுப்பு பின்தங்கியது என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதைச் சொல்ல வல்லவர், பின்வரிசையில் அமர்ந்து பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தவரே.

அவர் குழுவில், “இன்னாருக்குக் கணக்கு நடத்தத் தெரியவில்லை” என்று சொல்லிவிட்டால் அத்துடன் எல்லாம் முடிந்தது. அடுத்தமுறை அவர் வகுப்புக்குள் நுழையும்போது அங்கே நடப்பது பாடமன்று, நாடகம். நம்பிக் கதவைத் திறந்தவரிடம் கண்டது அமானிதம் போன்றது என்பதில் நமக்கு ஐயமில்லை.

அப்படியானால் வாய்மூடி இருந்துவிடுவதா? அதுவும் கூடாது. தோழமைக்காக நாம் மௌனம் சாதிக்கும் ஆண்டு, அப்பிள்ளைக்குத் திரும்பி வராத ஆண்டு.

ஆகவே குறை முதலில் சேரவேண்டிய இடம் அந்த ஆசிரியரின் செவியே. சொல்வதோடு நில்லாமல், அதே பாடத்தை அவர் பார்த்திருக்கத் தாமே ஒருநாள் நடத்திக் காட்டவேண்டும். தாமும் தடுமாறினால் தடுமாறட்டும். குழுவுக்குக் கொண்டுபோக வேண்டியது பிள்ளைகள் செய்யும் பிழையைத்தான், ஆசிரியரின் பெயரையன்று. ஒரே ஒரு ஐந்தாம் வகுப்புள்ள சிறு பள்ளியில் பெயரை மறைத்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே அந்த ஆசிரியரையே உடன் அழைத்துச் சென்று, அவர் வாயாலேயே சொல்லவிடுவதுதான் மரியாதை.

ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் பலர் கூடி ஒரு பாடத்தைத் தயாரிப்பார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் நின்று பார்த்துப் பின்னர் விவாதிப்பார்கள். பாடம் எல்லோருடையதுமாதலால் குறையும் எல்லோருடையதாகிறது. நடத்தியவர் தனியே தலைகுனிய வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் இங்கே விலக்கிச் சொல்கிறோம். பிள்ளையை அடிப்பதும் நாலுபேர் முன் அவமானப்படுத்துவதும் பாடக்குறை அல்ல. அதைக் கண்டவர் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லியாக வேண்டும். அங்கே அமானிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழுவில் இருக்கும் ஆசிரியரைத் தனியே அழைத்து, “அவர் எப்படி நடத்துகிறார்?” என்று மெல்லக் கேட்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கேட்கப்பட்டவர் பாவம், என்ன செய்வார்? தெரிந்துகொள்ள வேண்டுமானால் தலைமையாசிரியரே எழுந்து போய்ப் பார்க்கலாம். வகுப்பு ஒன்றும் கடல் கடந்து இல்லை. மாடிப்படி ஏறினால் வந்துவிடும்.