யார் செய்த பிழை?

2015ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக் கிளெண்டேல் நகரில் சூப்பர் பவுல் எனப்படும் அமெரிக்கக் கால்பந்தாட்ட இறுதிப் போட்டி நடந்தது. ஆட்டம் முடிய 26 நொடிகளே இருந்தன. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி 28 புள்ளிகளும், சியாட்டில் சீஹாக்ஸ் அணி 24 புள்ளிகளும் பெற்றிருந்தன. பந்து சியாட்டிலின் கையில். வெற்றிக்கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம். முயல்வதற்கு மூன்று வாய்ப்புகள். மார்ஷான் லிஞ்ச் என்னும் வலிமைமிக்க ஓட்டக்காரர் அவ்வணியில் இருந்தார். அவர் கையில் பந்தைக் கொடுத்து, முட்டி மோதி நுழையச் செய்வார்கள் என்றே பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் பந்தை எறியுமாறு ஆணை வந்தது. ரசல் வில்சன் எறிந்தார். மால்கம் பட்லர் என்னும் எதிரணி இளைஞர் பாய்ந்து அதைப் பறித்துக்கொண்டார். கோப்பை கைநழுவிற்று.

நமக்கு அதிகம் பழக்கமில்லாத இவ்விளையாட்டில், ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே வகுக்கப்படுகிறது. களத்துக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர்கள் உத்தியைத் தேர்ந்து, குவாட்டர்பேக் எனப்படும் ஆட்டக்காரரின் தலைக்கவசத்துக்குள் வானொலி வழியே சொல்கின்றனர். அவர் அதை நிறைவேற்றுகிறார். ஆகவே தோல்வி வந்ததும் கேள்வி எழுகிறது: வகுத்தவர் பிழையா, எறிந்தவர் பிழையா?

அன்று வகுத்தவர்மீதே பழி விழுந்தது. அதைவிட மூடத்தனமான முடிவு இருந்ததில்லை என்று எழுதியவர்கள் பலர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். மாறாக, ஓடுபவர் கோட்டுக்கு முன்னே வீழ்த்தப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தச் சியாட்டிலிடம் ஒரே ஓர் இடைநிறுத்தம்தான் எஞ்சியிருந்தது. முதலில் எறிந்து பார்த்தால், பின்னர் இருமுறை ஓடிப் பார்க்க நேரம் கிடைக்கும். மேலும், அந்த ஆட்டப் பருவத்தில் அதுவரை ஒரு கெஜத் தொலைவிலிருந்து எறியப்பட்ட பந்து எதுவும் பறிக்கப்பட்டதில்லை.

புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இக்கேள்வியை நேராகவே எதிர்கொள்கிறார். ஒரு செயலின் விளைவு அச்செயலின் நன்மையையோ தீமையையோ கூட்டுமா? முன்னறிந்த விளைவாயின் கூட்டும். முன்னறியாவிடினும், அச்செயலின் இயல்பிலிருந்தே பெரும்பாலும் விளைவதாயின் கூட்டும். தற்செயலாய், அரிதாய் நேர்வதாயின் கூட்டாது என்பது அவர் விடை. குருமடத்தில் இதைப் படித்தபோது வறட்டுத் தர்க்கமாகவே எனக்குத் தோன்றிற்று. ஒப்புரவு அருட்சாதனம் வழங்கத் தொடங்கிய பின்னரே இதன் இரக்கம் புரிந்தது. எத்தனையோ நல்லவர்கள் பாவத்தை அன்று, விளைவையே அறிக்கையிடுகிறார்கள். அன்பினால், நன்கு ஆராய்ந்து எடுத்த முடிவு துயரத்தில் முடிந்ததென்று, ஆண்டுக்கணக்கில் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் எவரையும் குறை சொல்லலாகாதா? சொல்லலாம். ஆனால் பந்து பிடிபட்டு வெற்றி கிட்டியிருந்தாலும் அக்குறையை நாம் சொல்லியிருப்போமா என்று முதலில் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த அளவுகோலின்படி, எறிவது என்ற தீர்மானத்தில் நான் குறை காணவில்லை. நெரிசல் மிக்க நடுப்பகுதிக்கு எறியச் சொன்னதில் சற்றுக் காண்கிறேன். வில்சன் எறிந்த பந்து பெறுபவருக்குச் சற்று முன்னால் சென்றது என்பாரும் உண்டு. அதுவும் நியாயமான குறையே.

இவ்விரண்டையும் கூட்டினாலும் நடந்தது முழுவதும் விளங்கவில்லை. பட்லர் எந்தத் தொழில்முறை அணியும் தேர்வில் எடுக்காத முதலாண்டு ஆட்டக்காரர். பேட்ரியட்ஸ் அணியின் பயிற்சியின்போது இதே உத்தியிடம் தோற்றுக் கண்டிக்கப்பட்டவர். அன்று அதை அடையாளம் கண்டு, எறியும் முன்பே பாயத் தொடங்கினார். பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். அவரோ அவ்விரண்டையும் ஏற்கவில்லை. நம்முடைய கேள்வியும் அத்தகையதே. இருவருள் ஒருவர்மேல் பழி சுமத்தும் அவசரத்தில், எதிரே நின்றவரின் உழைப்பை மறந்துவிடுகிறோம்.

தலைமைப் பயிற்சியாளர் பீட் கரோல் அன்றிரவே பொறுப்பைத் தம்மீது ஏற்றுக்கொண்டார். வில்சனோ, எறிந்தவன் நானே என்னும் பொருள்படப் பேசினார். தவறு செய்ததாக ஒப்புக்கொள்வது வேறு, தமக்குக் கீழுள்ளவர்களுக்காகச் சுமையை ஏற்பது வேறு. கரோல் செய்தது இரண்டாவது என்றே கருதுகிறேன். உத்தியைச் சொல்லி அனுப்பிய துணைப் பயிற்சியாளர் டேரல் பெவெல் மட்டும், பந்தைப் பெற ஓடிய ரிக்கார்டோ லாக்கெட் இன்னும் உறுதியாகப் போராடியிருக்கலாம் என்ற கருத்தையும் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். அதைச் சொல்லும் உரிமை அன்றிரவு அவருக்கு இருந்ததா என்பதில்தான் எனக்கு ஐயம்.