கோர்வையும் பிரியாமையும்

ஆங்கிலத்தில் இணைதலைக் குறிக்கும் ‘ஜாயின்’ என்னும் சொல் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ‘யுங்கெரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. வடமொழியில் நுகத்தில் பூட்டுதலைச் சுட்டும் ‘யுஜ்’ என்னும் வேரும், அதிலிருந்து பிறந்த யோகம், சம்யோகம் ஆகிய சொற்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. நுகத்தில் பூட்டியதை அவிழ்க்கவும் முடியும். அப்படியாயின் எல்லா இணைப்பும் பிரியக்கூடியதுதானா என்னும் கேள்வி தத்துவ வாதங்களிலும் உண்டு. அதில் துணியையும் நூலையும் எடுத்துக்காட்டாக வைத்து அறிஞர்கள் வாதிட்டனர்.

தனித்தனியே இருந்த இரு பொருள்கள் வந்து சேர்வதை வைசேடிகத் தத்துவ மரபினர் சம்யோகம் என்றும், ஒன்றைவிட்டு மற்றொன்று நிற்க இயலாத உறவைச் சமவாயம் என்றும் வகுத்தனர். நூல்களில் துணி இருப்பது சமவாயம். காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையின் கோர்வை நெசவில், உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும்படி மூன்று நாடாக்கள் ஓட, நெசவாளரும் பக்கத்தில் அமர்ந்த உதவியாளரும் உடலின் ஊடையைக் கரையின் ஊடையோடு ஓட்டந்தோறும் கோத்து வாங்குகின்றனர். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது ஊர்ப்பேச்சு. எனினும் வைசேடிகர் கணக்கில் ஊடையோடு ஊடை கோத்த அந்தப் பிணைப்பு சம்யோகமே. உறுதி மிகுவதால் உறவின் வகை மாறுவதில்லை.

சமவாயமும் எதிர்ப்புக்குத் தப்பவில்லை. துணி நூலினும் வேறான பொருளாயின் அதன் எடை கூடியிருக்க வேண்டுமே என்று சாங்கிய காரிகையின் உரையில் வாசஸ்பதி மிச்ரர் காட்டினார். பட்டையும் சரிகையையும் நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையையும் நிறுத்து வாங்கும் ஊருக்கு இவ்வாதம் எளிதில் விளங்கும். இரண்டைச் சேர்க்கச் சமவாயம் என்னும் மூன்றாவது பொருள் வேண்டுமாயின், அதைச் சேர்க்க நான்காவது வேண்டும், இது முடிவற்றுச் செல்லும் என்றார் சங்கரர்.

காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பயின்ற இராமானுசருக்கு, பிரியாத இணைப்பு எது என்பது இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பற்றிய கேள்வி. பிரம்மமே உயிராக மாறுகிறது, உயிர் பிரம்மத்தினும் வேறாகவும் அதனோடு ஒன்றாகவும் உள்ளது என்பது ஆசிரியரின் கொள்கை. அப்படியாயின் உயிரின் குற்றமும் துன்பமும் பிரம்மத்தையே சாரும் என்பதால் மாணவர் அதனை ஏற்கவில்லை. உயிர் இறைவனுக்கு உடல். அதாவது அவனால் தாங்கப்படுவது, அவனால் நடத்தப்படுவது, அவனுக்கே உரியது என்று அவர் கொண்டார். பிரித்து நிறுத்த இயலாத இவ்வுறவுக்கு அப்ருதக்சித்தி என்று பெயர். காஞ்சியின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரின் மரபில் இது மூன்றாவது பொருளன்று, உறவுடைய இரண்டின் இயல்பே ஆதலால், சங்கரர் சுட்டிய முடிவின்மை இங்கே எழுவதில்லை. வேற்றுமையை அழிக்காமல் பிரிவை மட்டும் மறுப்பதே இவ்விடையின் பெருமை. அதனால்தான் அம்மரபில் முத்தி பெற்ற பின்னும் உயிர் கரைந்துபோகாமல் உயிராகவே நின்று தொண்டு செய்கிறது.