திரையும் விளக்கும்

பழைய சினிமாக் கொட்டகைகளின் சரித்திரத்தைத் தேடி நான் ஊர் ஊராகப் போகத் தொடங்கியபோது, எந்த ஆண்டில் யார் கட்டினார், எத்தனை ஆசனங்கள் இருந்தன, முதலில் எந்தப் படம் ஓடியது, எப்போது கதவு சாத்தப்பட்டது என்னும் விவரங்களுக்கு மேல் அந்த ஆராய்ச்சியில் வேறொன்றும் அகப்படும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆயினும், ஓடு பிரிந்த கூரைகளின் கீழும் எருக்கு முளைத்த டிக்கெட் சந்துகளிலும் நின்று குறிப்பெடுத்த நாட்களில், ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. அழியும் தன்மையது என்று ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த ஒரு பொருளை, அதிலும் நிழலைக் காட்டுவதற்கென்றே எழுப்பிய ஒரு கட்டடத்தை, இத்தனை சிரத்தையுடன் எழுதி வைப்பது விவேகமாகுமா, அல்லது அதுவும் பற்றின் இன்னொரு வடிவந்தானா?

அநித்தியத்தைக் கற்க விரும்புவோருக்கு இக்கொட்டகைகளைவிடத் தெளிவான பாடபுத்தகம் கிடைப்பது அரிது. திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, உத்தியோகத்தைத் துறந்து, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டிய பின், 1914-இல் கோயம்புத்தூரில் நிலையாக ஊன்றிய வெரைட்டி ஹால், பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறி, படம் ஓடுவதும் நின்று, இன்று ஒரு சாலையின் பெயரில் மட்டும் ஊரார் நாவில் வாழ்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-இல் வார்விக் மேஜர் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டர், சில ஆண்டுகளிலேயே தபால் இலாகாவின் வசமாயிற்று. எலெக்ட்ரிக் திறந்ததற்கு அடுத்த ஆண்டு ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி இப்போது இல்லை. தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931-இல் திரையிடப்பட்ட கினிமா சென்ட்ரல், அந்தப் பெயரையே இழந்தது. 1952-இல் ‘பராசக்தி’யுடன் திறக்கப்பட்டு, 2,500-க்கு மேற்பட்ட ஆசனங்களோடு ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர் பெருமை பேசிய தங்கம் தியேட்டரும் தரைமட்டமாயிற்று.

விந்தை என்னவெனில், நித்தியமானதை விளக்குவதற்கு ரமண மகரிஷி விரும்பி எடுத்தாண்ட திருஷ்டாந்தமும் இந்தக் கொட்டகைகளிலிருந்தே வந்தது. படத்தில் தீ மூண்டாலும் திரை வேகாது, வெள்ளம் பெருகினாலும் திரை நனையாது. பாத்திரங்கள் தோன்றியும் மறைந்தும் போகத் திரை ஒன்றே மாறாதிருப்பது போல, உலகத் தோற்றங்களுக்கெல்லாம் ஆதாரமாய் ஆன்மா நிற்கிறது என்று, திருவண்ணாமலையில் தம்மை நாடி வந்தவர்களுக்கு அவர் உபதேசித்தார். இதைப் படித்திருந்த எனக்கு, கொட்டகைகளின் ஆண்டுக்கணக்கை எழுதுவது, திரையை விட்டுப் படத்தின் பின்னே ஓடுவதாகவே சில சமயம் தோன்றியது.

அந்த எண்ணம் மாறியது தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். நெல் மூட்டை அடுக்கும் கிடங்காக மாறிவிட்ட ஒரு கொட்டகையில், கழற்றாமல் விட்டிருந்த திரையைக் கைதொடும் தூரத்தில் நின்று பார்த்தேன். வாசலிலிருந்து பார்க்கையில் ஒரே வெண்பரப்பாகத் தெரிந்தது, கிட்டப் போனதும் ஊசியால் குத்தியது போன்ற ஆயிரமாயிரம் துளைகளாகத் தெரிந்தது. பின்னால் நிறுத்திய ஒலிபெருக்கியின் சப்தம் தடையின்றிச் சபையை அடைய வேண்டும் என்பதற்காகத் திரையிலேயே இட்ட துளைகள் அவை. படத்து வெள்ளங்கள் ஒருநாளும் நனைக்காத அத்திரையை, கூரை ஒழுக்கு நனைத்துப் பழுப்பேற்றியிருந்தது. மகரிஷியின் வாக்கு இதனால் பொய்யாகிவிடவில்லை. உபமானம் அழியும், உபமேயம் அழியாது. ஆனால் அழியாததைச் சுட்டிக் காட்ட ஞானிக்கும் அழியும் பொருளொன்று வேண்டியிருந்தது என்பதும், கொட்டகையே இல்லாத உலகில் அந்த உபதேசம் அந்த வடிவில் பிறந்திராது என்பதும் அன்று எனக்குப் புலனாயின.

கேபினுக்கு ஏறும் குறுகிய படிக்கட்டில் என்னை அழைத்துச் சென்றவர், அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆபரேட்டராக இருந்த முதியவர். துருவேறிய கருவியின் விளக்குப் பெட்டியைத் திறந்து, எரிந்து விரல் நீளத்துக்குக் குறைந்த கார்பன் குச்சி ஒன்றை எடுத்துக் காட்டினார். “ரெண்டு குச்சிக்கு நடுவுலதான் தம்பி வெளிச்சம். எரிய எரியத் தேயும். தேயத் தேய நகர்த்திக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் அசந்தாலும் திரை மங்கிப்போகும், கீழேயிருந்து விசில் வரும்” என்றார். பிறகு விளக்கின் முன்னே சுழலும் தகட்டைக் கையால் சுற்றினார். விநாடிக்கு 24 சட்டங்களாகப் படச்சுருள் நகர்கையில், ஒரு சட்டம் போய் அடுத்தது வந்து நிற்கும் இடைவேளையில் அத்தகடு ஒளியை மறைக்கிறது. மறைக்காவிட்டால் உருவங்கள் கோடு கோடாக இழுபட்டுக் கலங்கிப்போகும். ஆக, நாம் இமைக்காமல் பார்த்திருந்ததாக எண்ணும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, திரையில் இருட்டே இருந்தது.

இருளையும் விளக்கையும் பற்றிய அந்த முதியவரின் பேச்சு, பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய திருவருட்பயனை எனக்கு நினைவூட்டியது. சைவ சித்தாந்தத்தில் மாயை வெறும் பொய்த்தோற்றம் ஆகாது. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு, அருள் என்னும் சூரியன் உதிக்குமளவும் உதவும் விளக்கு அது என்றே அந்நூல் அதற்கு உவமை கூறுகிறது. உடலும் கரணமும் உலகமும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தந்த சாதனங்கள். விடிந்தபின் விளக்கு வேண்டாம். அதனால், இரவெல்லாம் அது செய்த உதவி இல்லையென்று ஆகிவிடுமா? வேதாந்தி திரையைக் காட்டினார், சித்தாந்தி விளக்கைக் காட்டினார். இரண்டும் ஒரே கொட்டகையில் இருந்தன என்பதை, கேபினின் சிறு துவாரத்தின் வழியே கீழே நோக்கியபோது கண்டேன்.

அவ்விளக்கு யாருக்கு உதவியது என்பதையும் சரித்திரம் சொல்கிறது. தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கண்ட முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகையே என்பது பேராசிரியர் கா. சிவத்தம்பியின் கருத்து. கே. பி. சுந்தராம்பாள் நடித்த ‘நந்தனார்’ வெளிவந்தது 1935-இல். ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அடியெடுத்து வைத்தது 1939-இல். நந்தி விலகி வழிவிட்ட அடியாராகிய நந்தனாரின் கதையை, கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒருவர், சில அணாக் காசு கொடுத்துக் கொட்டகைக்குள் சென்று கண்டிருக்க முடியும். கோயிலில் உயர்ந்தவர் எனப்பட்டோர் கருவறைக்கு அருகே நின்றனர். கொட்டகையிலோ, தரை டிக்கெட் வாங்கிய ஏழைதான் திரைக்கு அருகே இருந்தான். காசின் வேற்றுமை அங்கேயும் இருந்தது உண்மையே. ஆயினும், மேலும் நான்கு ஆண்டுகள் மூடியே இருக்கவிருந்த கோயில் வாசலுக்கு இப்பால், கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்து கண்ணீர் பெருக்கியவருக்கு, அது பொய்யான நிழல் என்று யார் துணிந்து சொல்வது?

ஆகவே, என் கேள்விக்கு நான் கண்ட விடை இது. அழிவதை அழியாதது என்று நம்பிப் பிடித்துக்கொள்வது பற்று. அழிவது என்று அறிந்தே, அது செய்த உபகாரத்தை மறவாமல் எழுதி வைப்பது நன்றி. சாமிக்கண்ணு வின்சென்ட் சுமந்த கூடாரத்தையும், தங்கம் தியேட்டரின் ஆசனங்களையும், ஒழுகி நனைந்த அத்திரையையும் பற்றிக் குறிப்பெழுதும்போது அவை மீண்டு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒளி வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டுமே விரும்புகிறேன்.

இறங்கி வருகையில் அம்முதியவர், “இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகுது தம்பி?” என்று கேட்டார். அவருடைய விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. எத்தனையோ இரவுகள், கீழே இருந்தவர்கள் வெளிச்சத்தைப் பார்க்க, அவர் குச்சி தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். “நீங்கள் நகர்த்திக்கொண்டே இருந்தீர்கள் என்பது தெரியவேண்டாமா, ஐயா?” என்றேன். அவர் பதில் சொல்லாமல், கையிலிருந்த கார்பன் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.